வஹகோட்டைக்குக் கொண்டுபோன கொப்பித் தாள்

நேர்த்தி மாமி வைத்தது. கொழும்பில் கடையில் வேலைக்கு நின்ற என் மகன் போன வருஷம் டெங்குவில் விழுந்தான். பிளேட்லெட் இறங்கிக்கொண்டே போன அந்த மூன்று ராத்திரியில், பிள்ளை எழும்பினால் மாத்தளைப் பக்கம் வஹகோட்டை அந்தோனியார் கோயில் திருவிழாவுக்கு வருவதாக மாமி சொல்லிவிட்டார். பிள்ளை எழும்பிவிட்டான். மாமிக்குத்தான் இப்போது முழங்கால் மடங்கவில்லை. அதனால் நான் கிளம்பினேன்.

அந்த மூன்று ராத்திரியும் தோட்டத்து லயத்தில் எங்கள் ஒற்றை அறைக் காம்பராவில் கால் வைக்க இடமில்லை. விடிந்தால் வேலைக்குப் பேர் கொடுக்கப் பிரட்டுக்குப் போகவேண்டிய பெண்கள்தான் அத்தனை பேரும். நெற்றியில் திருநீறோடு பக்கத்து காம்பரா அக்காவும் உட்கார்ந்திருந்தார். 'அருள் நிறைந்த மரியே' முழுதாக வாய்க்கு வராது. செபமாலையின் ஒவ்வொரு மணிக்கும் கடைசியில் 'ஆமென்' மட்டும் எல்லோரையும்விடச் சத்தமாகச் சொன்னார். நான் அழுதுகொண்டு கிடந்தேன், ஒரு வார்த்தை செபம் சொல்லவில்லை. வேதாகமத்தில் திமிர்வாதக்காரனைக் கூரையைப் பிரித்து இயேசுவுக்கு முன்னால் இறக்கினார்களே நாலு பேர், அப்படித்தான் என்னையும் தூக்கிக்கொண்டு போனார்கள்.

அப்புறம் நான் போகிறேன் என்று தெரிந்ததும் சும்மா விடுவார்களா? ஆளுக்கொரு மன்றாட்டு. பள்ளிக்கூடத்து ஓஎல் சோதனை, குவைத்துக்குப் போய் நாலு மாதமாகப் பேசாத தங்கச்சி, குடியை விடாத புருஷன். கொப்பித் தாளில் 22 பெயர். ராத்திரி எதிர் லயத்து அக்கா வாசலில் வந்து நின்றார். பீலிக்கரையில் தண்ணீருக்குச் சண்டை பிடித்து ஏழு மாதமாக முகம் பார்க்காதவர்.

"மகளுக்கு ரெண்டு தரம் கரு தங்கல. அவ பேரையும் எழுதிக்கம்மா."

எழுதினேன். உள்ளதைச் சொன்னால், அடியில், மற்றதைவிடச் சின்ன எழுத்தில்.

விடியற்காலை நாலு மணிக்கு ஹட்டனில் பஸ் ஏறி, கண்டியிலும் மாத்தளையிலும் மாறி, பாதி வழி நின்றுகொண்டே போனேன். இறங்கியதும் மெழுகுதிரிக்காரர்கள் சேலையைப் பிடித்து இழுக்கிறார்கள். "பெரிய திரி வாங்குங்க, பெரிய காரியம் நடக்கும்." அந்தோனியார் என்ன அடிக்கோல் வைத்துக்கொண்டா உட்கார்ந்திருக்கிறார்?

இந்த ஊர்க் கத்தோலிக்கர்கள் கண்டி ராசா காலத்தில் சிறைபிடித்துக் குடியேற்றிய போர்த்துக்கேயரின் வழிவந்தவர்கள் என்பார்கள். 1692இல் புனித யோசேப் வாஸ் சாமியார் கண்டிக்கு வந்தார். ஒற்றன் என்று அவரையும் சிறையில்தான் போட்டார்கள். அவர் வருவதற்கு முன், பூசை வைக்கச் சாமியார் இல்லாத காலத்தில் ஒருவர் செபத்தை ஒருவர் பிடித்துக்கொண்டுதானே இருந்திருப்பார்கள். வரிசையில் ஒன்றரை மணித்தியாலம் நிற்கும்போது அதைத்தான் நினைத்துக்கொண்டேன். முன்னால் ஒருவர் போனை உயர்த்திப் படம் பிடித்தபடியே நகர்ந்தார்.

சுரூபத்துக்கு முன்னால் வந்ததும் தாளை விரித்தேன். வியர்வையில் நாலு மடிப்பும் ஊறியிருந்தது. பின்னால் தள்ளுகிறார்கள். மளமளவென்று வாசித்தேன். கடைசிப் பெயர் தெரியவில்லை. சின்ன எழுத்து, மை வேறு கலங்கிவிட்டது. தாளைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்து எழுத்துக் கூட்டவேண்டியதாயிற்று. மற்றவர்களுக்கெல்லாம் ஒரு மூச்சு. இந்தப் பிள்ளைக்கு மட்டும் அங்கே நின்றேன். குத்திக் குத்திப் பேசிய நண்பர்களுக்காக யோபு மன்றாடிய பிறகுதான் அவர் இழந்தது திரும்பி வந்தது என்று எங்கள் சாமி ஒருமுறை பிரசங்கத்தில் சொன்னது அப்போதுதான் உறைத்தது. தொண்டை அடைத்துக்கொண்டது. "அந்தோனியாரே, இந்தப் பிள்ளைக்காக ஆண்டவரிடம் கேளும், எனக்குக் கொடுத்த மாதிரி கொடுக்கச் சொல்லும்" என்று மூன்று தரம் சொன்னேன். பின்னால் நின்ற சிங்கள அம்மா தள்ளாமல் என் தோளில் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

மாமியின் திரியைக் கொளுத்தினேனா, எங்கே வைத்தேன், ஒன்றும் ஞாபகமில்லை. ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம் என்றே வெளியே வந்தேன். பிள்ளையைத் தந்தீரே ஆண்டவரே, கூட உட்கார்ந்து அழ அத்தனை பேரையும் தந்தீரே. கோடி நன்றி.

தோட்டத்துக்கு வந்து சேர ராத்திரி ஒன்பதாகிவிட்டது. எதிர் லயத்தில் லைட் எரிந்தது. ஆசீர்வதித்த எண்ணெய்ப் போத்தலை நீட்டினேன்.

"பேரை வாசிச்சியா?"

"மூணு தரம் வாசிச்சேன்க்கா."

அக்கா போத்தலை வாங்கிச் சேலைத் தலைப்பில் சுற்றிக்கொண்டார். "மழையில நிக்காத. உள்ள வா, தேத்தண்ணி ஊத்துறேன்."