லைசென்ஸ் வந்தாயிற்றா? முதலில் பெல்ட்டைப் பாருங்கள்

செவ்வாய்ப்பேட்டை வெள்ளி வியாபாரியானாலும் சேர்வராயன் மலைக் காப்பித் தோட்டக்காரரானாலும், கைத்துப்பாக்கி லைசென்ஸ் கைக்கு வந்ததும் கேட்கும் முதல் கேள்வி "எந்த ரிவால்வர் நல்லது?" என்பதுதான். நீங்கள் வேட்டி கட்டுகிறவரா, பேன்ட் போடுகிறவரா, பைக்கில் போகிறவரா, காரில் போகிறவரா என்று தெரியாமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது. துப்பாக்கியைத் தேர்ந்தெடுப்பது கடைசி வேலை.

காரணம் சட்டத்திலேயே இருக்கிறது. 2016 ஆயுத விதிகளின்படி, பொது இடத்தில் கைத்துப்பாக்கி உடம்போடு சேர்ந்த ஹோல்ஸ்டரிலோ (துப்பாக்கி உறை) அதற்கான பையிலோ இருக்க வேண்டும், முழுவதும் மூடியிருக்க வேண்டும், உங்கள் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும். நாலு பேர் பார்க்கட்டும் என்று இடுப்பில் தெரியச் செருகிக்கொண்டு கல்யாண மண்டபத்துக்குள் நுழைவது விதிமீறல். ஆகவே மறைத்து வைத்துக்கொள்வது உங்கள் விருப்பம் அல்ல, கடமை. "மூடியிருக்க வேண்டும், கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும்" என்ற இரண்டையும் வைத்துத்தான் மற்ற எல்லாவற்றையும் நான் எடை போடுகிறேன்.

இடுப்பிலிருந்து தொடங்குவோம். நம் ஊர் வியாபாரிகள் வேட்டிக்கு மேல் கட்டும் பச்சை பெல்ட் பணத்துக்கும் போனுக்கும் நல்லது. துப்பாக்கிக்கு ஆகாது. முக்கால் கிலோ எடை ஒரு பக்கமாக இழுத்தால் அந்தத் துணி மடங்கிவிடும், ஹோல்ஸ்டர் வெளிப்பக்கமாகச் சாயும், சட்டையில் பிடியின் வடிவம் அப்படியே தெரியும். உட்கார்ந்து எழுந்தால் வேட்டியோடு சேர்ந்து எல்லாமே நழுவும். 38 முதல் 40 மி.மீ. அகலமும் 4 மி.மீ.க்குக் குறையாத கனமும் உள்ள, இரண்டு அடுக்குத் தைத்த தோல் பெல்ட் வேண்டும். வேட்டிதான் கட்டுவேன் என்றால் உள்ளே பட்டி வைத்த அரைக்கால் டிரவுசர் ஒன்று போட்டு, பெல்ட்டை அதில் கோத்து, அதன் மேல் வேட்டியைக் கட்டுங்கள். எடையை டிரவுசர் தாங்கும். வேட்டி மறைப்பதற்கு மட்டும்தான். ஹோல்ஸ்டரின் பட்டித் துளை பெல்ட்டின் அகலத்துக்குச் சரியாக இருக்க வேண்டும். தளர்ந்திருந்தால், எடுக்கும்போது ஹோல்ஸ்டரும் சேர்ந்து மேலே வரும்.

ஹோல்ஸ்டரில்தான் நம்மவர்கள் காசை மிச்சம் பிடிக்கிறார்கள். எல்லா மாடலுக்கும் பொருந்தும் என்று விற்கும் மெத்தென்ற உறையில் இரண்டு கோளாறுகள் உண்டு. துப்பாக்கியை எடுத்ததும் வாய் சுருங்கிவிடும். திரும்ப வைக்க இரண்டு கைகள் வேண்டும். அதைவிட மோசம், பழையதாக ஆக அந்த வாய்த்தோல் உள்ளே மடிந்து விசை வளையத்துக்குள் நுழையும். அப்போது அழுத்தி உள்ளே தள்ளினால் தோலே விசையை இழுத்துவிடும். சட்டை நுனி நுழைந்தாலும் இதே ஆபத்துதான். உங்கள் மாடலின் அளவுக்கே தைத்தது, விசை வளையத்தை முழுக்க மூடுவது, வாயில் கெட்டியான பட்டை வைத்துத் தைத்தது, கட்டைவிரலால் திறக்கும் பட்டன் வார் உள்ளது, இந்த நான்கும் இருந்தால் வாங்குங்கள். வாங்கியதும் தோட்டா இல்லாத துப்பாக்கியை உள்ளே வைத்து, வாரைப் போட்டு, மெத்தைக்கு மேல் தலைகீழாகப் பிடித்து உலுக்கிப் பாருங்கள். விழுந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

வைக்கும் இடம் வலது இடுப்பு எலும்புக்குச் சற்றுப் பின்னால், இடது கைக்காரருக்கு இடப்பக்கம். வயிற்றுக்கு முன்னால் செருகுவதை நான் யாருக்கும் சொல்வதில்லை. உட்காரும்போது குழல் தொடை நரம்பைப் பார்த்து நிற்கும். சேலம் வெயிலில் பேன்ட்டுக்கு உள்ளே வைக்கும் ஹோல்ஸ்டர் வியர்வையில் ஊறிப்போகும். பெல்ட்டுக்கு வெளியே, உடம்போடு ஒட்டிய ஹோல்ஸ்டரும் அதை மூடும் நீளமான சட்டையும் இங்கே பொருந்தும். கையைத் தலைக்கு மேல் தூக்கினாலும் ஹோல்ஸ்டரின் அடி தெரியக் கூடாது; சட்டை அவ்வளவு நீளம். வெள்ளைக் கதர் மெல்லியது, காட்டிக்கொடுத்துவிடும். அடர்நிறக் கட்டம் போட்ட சட்டை, ஒரு அளவு பெரியதாக. பைக்கில் முன்னால் குனிந்தால் பின்சட்டை மேலேறும் என்பதால், வண்டியில் உட்கார்ந்த நிலையில் வீட்டில் ஒருவரைப் பின்னாலிருந்து பார்க்கச் சொல்லுங்கள்.

பையில் வைக்க விதி இடம் தருகிறது. ஆனால் மெஸ்ஸில் சாப்பிட உட்காரும்போது அந்தப் பை பக்கத்து நாற்காலிக்குப் போய்விடும். வண்டி டிக்கியில் வைத்துவிட்டுப் போவது கட்டுப்பாடே அல்ல.

இனி துப்பாக்கி. 9 மி.மீ., .38, .45 எல்லாம் தடை செய்யப்பட்ட துளையளவுகள் (குழலின் உள்விட்டம்; புள்ளி வைத்தவை அங்குலத்தில்). சாதாரண லைசென்ஸில் நடைமுறையில் கிடைப்பது .32. இந்தப் பெயரில் இரண்டு தோட்டாக்கள் இருப்பதைப் பலர் கவனிப்பதில்லை. சுழலும் சிலிண்டரில் தோட்டாக்களை வைக்கும் ரிவால்வருக்கு உரியது .32 எஸ் அண்ட் டபிள்யூ லாங். அடியில் விளிம்பு உள்ளது, 98 கிரெயின் (சுமார் 6.4 கிராம்) ஈயக் குண்டு. பிடிக்குள் தோட்டாப் பெட்டியைச் செருகும் பிஸ்டலுக்கு உரியது .32 ஏ.சி.பி.; குட்டையானது, 71 கிரெயின் குண்டு, அழுத்தம் அதிகம். பிஸ்டல் தோட்டா சில ரிவால்வர்களின் அறையில் (தோட்டா உட்காரும் துளை) நுழைந்துவிடும். நுழைகிறதே என்று சுடாதீர்கள், அந்த அழுத்தத்துக்கு அந்தச் சட்டகம் செய்யப்படவில்லை.

அரசுத் தொழிற்சாலைத் தயாரிப்பில் நிர்பீக் ரிவால்வர் சுமார் 500 கிராம். 2023இல் வந்த பிரபல் சுமார் 700 கிராம். குழல் 76 மி.மீ., சிலிண்டர் பக்கவாட்டில் திறக்கும். பழைய வகை நடுவில் மடித்துத் திறப்பது. அதில் மெதுவாகத் திறந்தால் சுட்ட தோட்டாவின் வெற்றுக்கூடு, அதை வெளியே தள்ளும் நட்சத்திர வடிவத் தகட்டுக்கு அடியில் சிக்கி, துப்பாக்கி மூடவும் மூடாது, திறக்கவும் திறக்காது. ஒரே வீச்சில் முழுக்கத் திறக்கப் பழக வேண்டும். அஷானி பிஸ்டல் தட்டையானது, சட்டைக்குள் நன்றாக மறையும். ஆனால் பாதுகாப்புக்காக அறையைக் காலியாக வைத்தால், தேவைப்படும்போது மேல்சட்டத்தை இழுக்க இரண்டாவது கை வேண்டும். கொலுசுப் பையோ பைக் ஹேண்டிலோ பிடித்திருக்கும் கைக்கு அது முடியாது. அதனால் நம் ஊரில் பெரும்பாலோருக்கு நான் ரிவால்வரையே சொல்வேன்.

1980களில் இறக்குமதி நின்றபின் பழைய வெளிநாட்டுத் துப்பாக்கிகளுக்கு இங்கே விலை எக்கச்சக்கம். வாங்குவதானால் காலியாக இருப்பதை உறுதி செய்துவிட்டு, சுத்தியை (தோட்டாவைத் தட்டி வெடிக்க வைக்கும் பின்பக்கக் கொண்டி) மெல்லப் பின்னால் இழுங்கள். அது நிற்கும் நேரத்துக்குள் சிலிண்டர் பூட்டிக்கொள்ள வேண்டும். பூட்டிய சிலிண்டர் முன்னும் பின்னும் ஆடக் கூடாது. சுத்தியைத் தடுக்கும் அமைப்பு உள்ளே இல்லாத மாடலில் சுத்திக்கு நேரான அறையைக் காலியாக விட்டு ஐந்து தோட்டாக்களோடு நிறுத்துங்கள். கீழே விழுந்தால் வெடிக்காமல் காப்பது அந்தக் காலி அறைதான்.

ஏற்காட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. தோட்டத்துக்குள் காட்டுமாடு வருகிறது என்று .32 வாங்காதீர்கள். 700, 800 கிலோ மிருகத்தை அந்தக் குண்டு நிறுத்தாது, வெறி ஏற்றும். வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையிலும், அதாவது உச்சப் பாதுகாப்புப் பட்டியலிலும், அது இருக்கிறது. மேலே வேறொரு எதிரியும் உண்டு, பனி. சேலத்து வியர்வையில் உப்பு, இருபது கொண்டை ஊசி வளைவு ஏறினால் ஈரம், இரண்டும் சேர்ந்தால் நீலம் பூசிய இரும்பில் சீக்கிரமே துரு பிடிக்கும். இரவில் தோல் உறைக்குள் விடாதீர்கள், தோல் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

லைசென்ஸில் எழுதியிருக்கும் எல்லையையும் பாருங்கள். தமிழ்நாட்டுக்கு மட்டும் என்றால் பெங்களூர் போகும்போது ஓசூர் தாண்டக் கூடாது. தேர்தல் அறிவித்தபின் ஒப்படைக்கச் சொன்னால் உடனே கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். நீதிமன்றம், கலெக்டர் அலுவலகம், விமான நிலையம் போகிற நாளில் வீட்டில் பூட்டிவிட்டுப் புறப்படுங்கள். தற்காப்பு உரிமை புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையான பிரிவுகளில் இருக்கிறது. தேவைக்கு மிஞ்சிய தீங்குக்கு அங்கே இடமில்லை. பையைப் பறித்துக்கொண்டு ஓடுகிறவனின் முதுகில் சுட்டால் நீங்கள்தான் கூண்டில் நிற்பீர்கள்.

வீடு திரும்பியதும் குழலைப் பாதுகாப்பான பக்கம் காட்டி, தோட்டாக்களை எடுத்து எண்ணுங்கள். ஒவ்வொரு அறையையும் கண்ணால் பார்த்து விரலாலும் தடவுங்கள். எண்ணெய்த் துணியால் துடைத்து, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு பெட்டகத்தில் பூட்டுங்கள். தோட்டா வேறு பூட்டில். சாவி பூஜை அறை ஆணியில் தொங்கக் கூடாது.