வெல்டிங் மெஷினுக்குத் தனி லைன்: வயரையும் எம்.சி.பி.யையும் பொருத்திய அனுபவம்

வீட்டுக்குப் பின்புறமுள்ள கொட்டகையில் சொந்தத் தேவைக்கான கேட், கிரில் வேலைகளைச் செய்துகொள்ள 200 ஆம்பியர் இன்வெர்ட்டர் வெல்டிங் மெஷின் வாங்க முடிவு செய்தபோது, அதற்கு மின்சாரம் எப்படிக் கொண்டுபோவது என்பதைத்தான் முதலில் விசாரித்தேன். கடையில் "பவர் பிளக்கில் சொருகினால் போதும்" என்றார்கள். மின்னோட்டம் மிகுந்தால் தானாக அணைந்துவிடும் (பேச்சில் 'விழும்') சுவிட்சான எம்.சி.பி.யைப் பற்றித் தெரிந்த வெல்டர் ஒருவர், "அது விழுந்தால் ஒரு சைஸ் பெரிதாகப் போட்டுக்கொள்ளுங்கள்" என்றார். இரண்டையும் ஏற்க எனக்கு மனம் வரவில்லை. எம்.சி.பி. இருப்பது சுவருக்குள் போகும் வயரைக் காப்பதற்காக. வயரை அப்படியே விட்டுவிட்டு எம்.சி.பி.யை மட்டும் பெரிதாக்கினால், வயர் உருகும் அளவுக்குச் சூடேறினாலும் அது விழாது.

ஆகவே மெஷினின் பின்புறத் தகட்டிலிருந்து தொடங்கினேன். 200 ஆம்பியர் என்பது ராடுக்குப் போகும் மின்னோட்டம். நம் லைனிலிருந்து மெஷின் இழுப்பது வேறு. 230 வோல்ட்டில் அதிகபட்சம் 39 ஆம்பியர், 40 சதவீத டியூட்டி சைக்கிள், அதன்படி வயர் உணரும் சராசரி வெப்பத்துக்கு ஈடான மின்னோட்டம் 25 ஆம்பியர் என்று தகட்டில் இருந்தது. 40 சதவீதம் என்றால் முழுத் திறனில் 10 நிமிடத்துக்கு 4 நிமிடம் மட்டுமே வெல்டு செய்யலாம் என்று பொருள். 39-ஐ 0.4-இன் வர்க்கமூலமான 0.63 ஆல் பெருக்கினால் அந்த 25 கிடைத்துவிடும். கடைக்காரர் சொன்ன பவர் பிளக் 16 ஆம்பியருக்கானது என்பதால் அந்த யோசனை அங்கேயே முடிந்தது.

உரிமம் பெற்ற எலக்ட்ரீசியனை வரவழைத்து எம்.சி.பி.கள் இருக்கும் மின்பகிர்வுப் பெட்டியான டி.பி.யைத் திறந்து பார்த்ததில், வெல்டிங் லைனை விட அவசரமான வேலை அதற்குள் காத்திருந்தது. லைட், ஃபேன் லைனுக்குப் போகும் 1 ஸ்கொயர் (1 சதுர மில்லிமீட்டர் குறுக்குப்பரப்புள்ள) மெல்லிய வயரின் தலையில், முன்பு எப்போதோ யாரோ மாற்றிய 20 ஆம்பியர் எம்.சி.பி. உட்கார்ந்திருந்தது. அயர்ன்பாக்ஸ் போடும்போதெல்லாம் விழுகிறது என்பதற்காக மாற்றியிருக்க வேண்டும். அந்த லைனில் இருந்த ஒரு பிளக்கில் நியூட்ரல் துளையைச் சுற்றிப் பழுப்பேறியிருந்தது; கழற்றினால் திருகு தளர்ந்து, வயரின் மேலுறை நகத்தால் கீறியவுடன் பொடியாக உதிர்ந்தது. இத்தனை காலமும் அந்த எம்.சி.பி. ஒருமுறைகூட விழாததை நல்ல அறிகுறியாகவே வீட்டில் எல்லோரும் எண்ணியிருந்தோம்.

வெல்டிங் லைனுக்கு வயர் தேர்ந்தெடுப்பதில் இரண்டு கணக்குகள் பார்த்தோம். முதலாவது தூரம். டி.பி.யிலிருந்து கொட்டகை 25 மீட்டர். போக, வர 50 மீட்டர். 2.5 ஸ்கொயர் செம்பு வயராக இருந்தால் 39 ஆம்பியரில் சுமார் 15 வோல்ட் வழியிலேயே போய்விடும். 6 ஸ்கொயரில் இழப்பு 6 வோல்ட் சொச்சம்தான். இரண்டாவது வெப்பம். பைப்புக்குள் போகும் 6 ஸ்கொயர் வயர் 30 டிகிரியில் சுமார் 41 ஆம்பியர் தாங்கும். ஆனால் எங்கள் கொட்டகைக்குத் தகரக் கூரை. சித்திரை வெயிலில் 40 டிகிரிக்குக் குறையாது. அந்தச் சூட்டில் தாங்குதிறன் ஏறத்தாழ 36 ஆம்பியராக இறங்குகிறது; தகட்டில் கண்ட 25-க்கு அது போதும். ஆகவே 32 ஆம்பியர் எம்.சி.பி. இந்த வயருக்குப் பொருந்தும், 40 பொருந்தாது. 4 ஸ்கொயர் வாங்கியிருந்தால், அதே கணக்கில் 25-க்கு மேல் போட்டிருக்க முடியாது.

39 ஆம்பியர் இழுக்கும் மெஷின் 32-இல் நிற்குமா என்று எலக்ட்ரீசியனே கேட்டார். எம்.சி.பி. தன் அளவைப் போல 1.13 மடங்கு வரை ஒரு மணி நேரம் விழாமல் தாங்க வேண்டும், 1.45 மடங்கில் ஒரு மணி நேரத்துக்குள் விழ வேண்டும் என்பது தரவிதி. 39 என்பது 32-ஐப் போல 1.22 மடங்கு, 4 நிமிடம் வெல்டு, 6 நிமிடம் ஓய்வு என்ற ஓட்டத்தில் அது விழ வாய்ப்பில்லை. சுவிட்சைப் போட்டவுடன் மெஷினுக்குள் உள்ள கெப்பாசிட்டர்கள் ஒரு கணம் பெரும் மின்னோட்டத்தை இழுக்கும் என்பதால், 3 முதல் 5 மடங்கிலேயே உடனே விழும் 'பி' வகையைத் தவிர்த்து, 5 முதல் 10 மடங்கு வரை பொறுக்கும் 'சி' வகையை வாங்கினோம். அமெரிக்க மின்விதிகளில், வெல்டிங் மெஷினுக்கென்றே ஒதுக்கிய லைனில் வயரின் தாங்குதிறனைப் போல இருமடங்கு வரை பிரேக்கர் போட இடமுண்டு. அதைக் கேள்விப்பட்டு இங்கே மெல்லிய வயருக்குப் பெரிய எம்.சி.பி. போடுவதில் எனக்குச் சிறிதும் உடன்பாடில்லை. நம் கொட்டகைகளில் அதே சாக்கெட்டில் நாளைக்கு கம்ப்ரசரும் ஓடும், ஹீட்டரும் ஓடும்.

இந்த லைனுக்கென 40 ஆம்பியர், 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு ஏற்பட்டால் லைனை அணைக்கும் சுவிட்ச்) தனியாக வைத்தோம். மெஷினின் ஃபில்டர் வழியாகச் சிறு கசிவு எப்போதும் இருக்கும். வீட்டுக்கு உரிய ஆர்.சி.சி.பி.யிலேயே இதையும் சேர்த்தால், அது விழும்போது ஃபிரிட்ஜும் சேர்ந்து நின்றுவிடும். கூடுதல் மின்பளுவுக்கு விண்ணப்பித்து அனுமதி கிடைத்த பிறகே இணைத்தோம். கூலிக்கு வெல்டிங் செய்வதாக இருந்தால் வீட்டு இணைப்பில் செய்யக் கூடாது. அதற்குத் தனி இணைப்பு வாங்க வேண்டும்.

வீட்டு லைன்களையும் அதே முறையில் சீர்செய்தோம். லைட், ஃபேனுக்கு 1.5 ஸ்கொயர் வயர், 10 ஆம்பியர். 2000 வாட் கீசருக்கு 2.5 ஸ்கொயர், 16 ஆம்பியர். ஒன்றரை டன் ஏ.சி.க்கு 4 ஸ்கொயர், 20 ஆம்பியர் 'சி' வகை. சமையலறையில் இண்டக்‌ஷன், கெட்டில், மிக்ஸி மூன்றும் சேர்ந்தால் 18 ஆம்பியரைத் தாண்டும். அங்கே எம்.சி.பி.யை 20 ஆக்காமல், இன்னொரு 2.5 ஸ்கொயர் லைன் இழுத்து இரண்டாகப் பிரித்தோம்.

எர்த் விஷயத்தை வெல்டர்களிடம் வற்புறுத்திச் சொல்ல விரும்புகிறேன். மெஷினின் உடலைப் பூமியோடு இணைக்கும் பச்சை வயர் வேறு. வேலைப்பொருளில் மாட்டும் கிளாம்ப் வேறு. கிளாம்பை எங்கோ தூரத்து இரும்புத் தூணில் மாட்டினால், நூறு ஆம்பியருக்கு மேற்பட்ட வெல்டிங் மின்னோட்டம் வீட்டின் எர்த் வயர் வழியாகத் திரும்பப் பார்க்கும். அந்த வயர் கருகியது வெளியே தெரியாது, மறுநாள் கிரைண்டரில் கசிவு வரும்போது காக்க எர்த்தும் இருக்காது. கிளாம்பை வெல்டு செய்யும் இடத்துக்கு அருகிலேயே, பெயிண்டைச் சுரண்டிய இரும்பில் மாட்ட வேண்டும்.

முடிவில் 10 கேஜ் ராடை 110 ஆம்பியரில் ஓட்டிப் பார்த்தபோது, வயரைச் சுற்றிப் பிடித்து மின்னோட்டத்தை அளக்கும் டாங் டெஸ்டர் 20 ஆம்பியரையொட்டிக் காட்டியது, டி.பி.க்கும் சாக்கெட்டுக்கும் இடையே 3 வோல்ட் சொச்சமே குறைந்தது. சில வாரங்கள் கழித்து மெயினை அணைத்து டெர்மினல் திருகுகளை மறுபடி இறுக்கியதில் இரண்டு திருகுகள் கால் சுற்று இடம் கொடுத்தன. ஒவ்வொரு எம்.சி.பி.க்கும் பின்னால் எந்த ஸ்கொயர் வயர் இருக்கிறது என்று எழுதிய தாளை டி.பி. கதவின் உட்புறம் ஒட்டியிருக்கிறோம்.