இருவராகப் போங்கள்

நம் பழைய மாணவர் சங்கத்தின் இவ்வாண்டு மலருக்குப் பள்ளி நாட்களைப் பற்றி ஏதாவது எழுதித் தருமாறு சங்கச் செயலாளர் கேட்டபோது, விடுதிச் சாம்பாரைப் பற்றியும் வேலூர்க் கோட்டை அகழியில் மீன் பிடிக்கப் போய் வாங்கிய பிரம்படியைப் பற்றியும் எழுதி ஒப்பேற்றிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அவற்றை என்னைவிட நன்றாகப் பலர் எழுதிவிட்டார்கள். ஆகவே 1976ஆம் ஆண்டின் மழைக்காலப் பிற்பகல் ஒன்றைப் பற்றியும், அதன் பொருள் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கழித்து நைஜீரியாவில் எனக்கு விளங்கிய விதத்தைப் பற்றியும் எழுதுகிறேன்.

என் தகப்பனார் ராணிப்பேட்டையில் ஒரு தோல் ஷாப்பில், அதாவது தோல் பதனிடும் ஆலையில், சுண்ணாம்புக் குழி வேலை பார்த்தவர். முதலாளி முஸ்லிம், குழியில் இறங்கியவர்கள் பெரும்பாலும் எங்களைப் போன்ற சேரிக் கிறிஸ்தவர்கள். பண்டிகைக்குப் பிரியாணி வரும், கிறிஸ்துமசுக்குக் கேக்கு போகும். வட ஆற்காட்டின் மத நல்லிணக்கம் என்று நாம் மேடைகளில் பெருமையாகச் சொல்வதில் இந்தக் கூலிக் கணக்கும் அடங்கியிருக்கிறது என்பதை மறைக்க எனக்கு மனம் வரவில்லை. அதுபோலவே, கோயிலும் மசூதியும் தேவாலயமும் ஒரே மதிலுக்குள் நிற்கும் வேலூர்க் கோட்டையையும் எடுத்ததற்கெல்லாம் உதாரணம் காட்டுவோம். நாம் படித்த காலத்தில் அந்தக் கோயிலில் மூலவர் இல்லை. ஜலகண்டேசுவரர் திரும்பவும் எழுந்தருளியது 1981இல்தான். மசூதியிலும் தொழுகை கிடையாது. 'சாமியில்லாத கோயில், ராஜா இல்லாத கோட்டை, தண்ணீர் இல்லாத ஆறு' என்று ஊரார் கேலி பேசிய நாட்கள் அவை. ஆளில்லாத வீடுகளுக்குள் சண்டை வராததில் என்ன வியப்பு?

அந்தப் பிற்பகலுக்கு வருகிறேன். நான் ஒன்பதாம் வகுப்பு. என் பெஞ்சில் வேலூர் சைதாப்பேட்டையிலிருந்து வரும் ஒரு முஸ்லிம் மாணவன் உட்காருவான். விடியற்காலையில் மதரசாவில் ஓதிவிட்டு அப்படியே பள்ளிக்கு வருவதால், அவனுடைய சிப்பாரா (குர்ஆனின் ஒரு பாகம்) ஜுஸ்தான் என்னும் பச்சை நிறத் துணியுறையில் சுற்றப்பட்டுப் புத்தகப் பையிலேயே இருக்கும். உணவு இடைவேளை முடிந்தபின் பெருமழை பிடித்துக்கொண்டது. மழை சற்று விட்டதும் பார்த்தால், அவனுடைய பை வகுப்பறைக்குப் பின்புறச் சாக்கடையில் கிடந்தது. விடுதிப் பையன்கள் வேண்டுமென்றே குர்ஆனைச் சாக்கடையில் வீசினார்கள் என்ற பேச்சு ஒரு மணி நேரத்திற்குள் கடைத்தெருவை எட்டிவிட்டது. சைக்கிள் கடையிலிருந்தும் பீடிக் கடையிலிருந்தும் நாற்பது ஐம்பது பேர் பள்ளி வாசலில் கூடிவிட்டார்கள். உள்ளே விடுதிப் பையன்களில் சிலர் கிரிக்கெட் மட்டையைக் கையில் எடுத்திருந்தார்கள்.

நம் தலைமை ஆசிரியர் ஐயா (பெயர் சொல்லாமலே நம் தலைமுறைக்குத் தெரியும்) வாசலுக்குப் போய்ச் சமாதானம் பேசவில்லை. தமிழாசிரியரையும் உருது கற்பித்த முன்ஷியையும் அழைத்தார். முன்னவர் கிறிஸ்தவ சபையில் மூப்பர். பின்னவர் ஒரு மசூதியின் நிர்வாகத்தில் இருந்தவர். "தனித்தனியாகப் போகாதீர்கள். இரண்டு பேருமாகப் போய், ஒன்றாகப் பார்த்து, ஒரே வாயாகச் சொல்லுங்கள்" என்றார். அவ்வளவுதான்.

அவர்கள் பின்புறம் வந்தபோது நான் அங்கே நின்றுகொண்டிருந்தேன். பையோடு வடிவியல் பெட்டியும் ஆங்கில இலக்கணப் புத்தகமும் சேற்றில் கிடந்தன. முன்ஷி குழாயடியில் ஒளு செய்து, அதாவது கை கால் முகம் கழுவிச் சுத்தமாகி வந்து ஜுஸ்தானைப் பிரித்தார். தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. நல்ல வெள்ளைத் துணி ஏதேனும் வேண்டும் என்று அவர் கேட்க, தமிழாசிரியர் தம் தோளில் கிடந்த அங்கவஸ்திரத்தை எடுத்து மேசைமேல் விரித்தார். முன்ஷி ஒவ்வொரு தாளாக வாயால் ஊதி ஊதிப் பிரித்துப் பரப்ப, தமிழாசிரியர் தாளைத் தொடாமல், ஈரம் வாங்கும்படி துணியின் மறுமுனையை அதன்மேல் மெல்ல மடித்து ஒற்றினார். இருவரும் பேசிக்கொள்ளவே இல்லை. அந்த அமைதியைத் தாங்க முடியாமல் நான் அழுதுவிட்டேன். பையைச் சன்னலில் தூக்கி வைத்தவன் நான்தான். பெஞ்சில் வசதியாகக் காலை நீட்டி உட்காருவதற்காக அதை நகர்த்தி, கம்பியில்லாத அந்தச் சன்னலின் விளிம்பில் வைத்துவிட்டு மறந்துபோனேன். காற்றும் மழையும் மீதியைப் பார்த்துக்கொண்டன.

முன்ஷி என்னை நிமிர்ந்து பார்த்தார். "சொல்லிட்டே இல்லே, போதும். வெளியிலே நாங்க சொல்லிக்கிறோம், நீ வகுப்புக்குப் போ" என்றார். பின்பு இருவரும் அந்தத் துணி மூட்டையோடு வாசலுக்குப் போனார்கள். பை சன்னலில் இருந்தது, மழையில் விழுந்தது, யாரும் வீசவில்லை, நாங்கள் இருவரும் பார்த்தோம் என்று சொன்னார்கள். பையை வைத்தவன் யாரென்று கூட்டத்தில் ஒருவர் கேட்டாராம். "பிள்ளைங்க" என்று தமிழாசிரியர் பதில் சொன்னாராம். அதன்பின் குறுக்குச் சந்தில் நுழையாமல், கடைத்தெரு முழுவதும் பார்க்கும்படி பெரிய வீதி வழியாகவே இருவரும் மசூதி வரை நடந்துபோய் மூட்டையைச் சேர்த்தார்கள்.

பள்ளி முடிந்து சென்னையில் தோல் தொழில்நுட்பம் படித்து, 1989இல் வடக்கு நைஜீரியாவின் கானோ நகருக்குத் தோல் பதனிடும் ஆலையொன்றில் வேலைக்குப் போனேன். நம் ஊர் ஆட்டுத் தோலைப் போலவே சோகோட்டோ சிவப்பு ஆட்டின் தோலும் உலகச் சந்தையில் பெயர் பெற்றது. முற்காலத்தில் சகாராவைக் கடந்து ஐரோப்பாவுக்குப் போய் 'மொராக்கோ தோல்' என்ற பெயரில் விற்றதில் கானோவின் சரக்கும் உண்டு. கானோவின் ஹௌசா மக்கள் முஸ்லிம்கள். தெற்கிலிருந்து வந்த கிறிஸ்தவர்கள் பெரும்பாலும் சபோன் காரி என்னும் பகுதியில் இருப்பார்கள். ஹௌசா மொழியில் அதற்குப் 'புது ஊர்' என்று பொருள். நான் போன பிறகு 1991இல் கானோவிலும், 1992இல் கடுனா மாநிலத்தின் சங்கோன் கட்டாஃபிலும், 2000இல் கடுனா நகரிலும் கலவரங்கள் நடந்தன. கடைசியாகச் சொன்னதில் ஆயிரக்கணக்கானோர் மாண்டார்கள். அதன்பின் கடுனாவில் ஆற்றுக்கு வடக்கே முஸ்லிம்கள், தெற்கே கிறிஸ்தவர்கள் என்று மக்கள் வீடு மாற்றிக்கொண்டு போனதை, கம்பெனி வேலையாக அந்தப் பாலத்தைக் கடக்கும்போதெல்லாம் கண்ணால் பார்த்தேன்.

அந்தக் கடுனாவில்தான் இமாம் முகம்மது அஷாஃபாவும் பாஸ்டர் ஜேம்ஸ் வூயேயும் இருந்தார்கள். இருவரும் ஆயுதக் கும்பல்களை எதிரெதிராக நடத்தியவர்கள். 1992 மோதலில் பாஸ்டர் தம் வலக்கையை இழந்தார். இமாம் தம் உறவினர் இருவரையும் முதிய ஞானாசிரியரையும் இழந்தார். 1995இல் அரசு மாளிகையில் குழந்தைகளுக்கான தடுப்பு மருந்து பற்றிய கூட்டமொன்றில் ஒரு பத்திரிகையாளர் இருவரையும் கைகோக்க வைத்தார். அன்றே நண்பர்களாகிவிட்டார்கள் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். சேர்ந்து ஊர் ஊராகப் போன தொடக்க ஆண்டுகளில், ஒரே அறையில் உறங்கும் இமாமின் முகத்தில் தலையணையை வைத்து அழுத்திவிடலாமா என்று தமக்குத் தோன்றியதுண்டு எனப் பாஸ்டரே பிற்காலத்தில் ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார். மனம் மாறும்வரை காத்திருந்து பிறகு சேர்ந்து போகலாம் என்று அவர்கள் வைத்துக்கொள்ளவில்லை; கசப்போடேயே சேர்ந்து போனார்கள். பாஸ்டரின் தாயார் நோயுற்றபோது இமாம் பார்க்கப் போனார். உரையாடல் என்றால் மேடையில் வேத வசனத்தையும் குர்ஆன் ஆயத்தையும் ஒப்பிட்டுப் பேசுவது என்று எண்ணியிருந்த எனக்கு, அந்த நோய் விசாரிப்பே பெரிய பாடமாக இருந்தது. 2002 ஆகஸ்டில் இரு சமயங்களின் தலைவர்களும் கடுனா அமைதிப் பிரகடனத்தில் கையெழுத்திட்டார்கள். அதே ஆண்டு நவம்பரில், உலக அழகிப் போட்டி பற்றிய ஒரு செய்தித்தாள் கட்டுரையைச் சாக்காக வைத்து அதே நகரத்தில் இருநூறு பேருக்கு மேல் கொல்லப்பட்டார்கள். காகிதத்திற்கு அவ்வளவுதான் பலம்.

2004 மே மாதம் என்னைத் தொட்டது. பிளேட்டோ மாநிலத்தின் எல்வாவில் பிப்ரவரியில் தேவாலய வளாகத்தில் மட்டும் 48 கிறிஸ்தவர்களாவது கொல்லப்பட்டிருந்தார்கள். மே தொடக்கத்தில் பதிலடியாக அங்கே 700 முஸ்லிம்கள் வரை கொல்லப்பட்டதாக ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு கணக்கிட்டது. அதைக் கண்டித்து மே 11ஆம் தேதி கானோவில் நடந்த ஊர்வலத்தின் பின்னால் கொலையும் தீவைப்பும் தொடங்கின. எங்கள் ஆலையில் சுண்ணாம்புப் பிரிவின் மேற்பார்வையாளர் ஒரு ஹௌசா மாலம் (மார்க்கக் கல்வி கற்றவர்). ஸ்டோர் கீப்பர் இக்போ இனத்தைச் சேர்ந்த ஒரு கிறிஸ்தவர். 2000ஆம் ஆண்டுக்குப் பின் இவர்கள் தமக்குள் ஓர் ஏற்பாடு வைத்திருந்தார்கள். ஆலைக்குள் எந்த வதந்தி வந்தாலும் இருவரும் சேர்ந்துதான் விசாரிப்பார்கள். அன்று சபோன் காரியில் மசூதி எரிகிறது என்று ஒருவன் கத்திக்கொண்டு வந்தபோது, மாலம் அந்தப் பகுதியில் தமக்குத் தெரிந்த ஒரு தையற்காரரைக் கைப்பேசியில் அழைத்தார். ஒரே கைப்பேசியில் இருவரும் கன்னத்தோடு கன்னம் ஒட்டிக் காதைக் கொடுத்துக் கேட்டார்கள். மசூதி எரியவில்லை. இருவரும் தோலைச் சுழற்றிப் பதனிடும் டிரம் கொட்டகையின் முன்னால் நின்று, ஹௌசாவில் ஒருவரும் ஆங்கிலத்தில் ஒருவரும் அதையே சொன்னார்கள். எனக்குப் பெரிய வீதியும் ஈரத் துணி மூட்டையும் அப்போதுதான் நினைவுக்கு வந்தன.

கிறிஸ்தவத் தொழிலாளர்கள் அறுபது பேர் போல இரண்டு இரவுகள் டிரம் கொட்டகையிலேயே தங்கினார்கள். ஹௌசாத் தொழிலாளர்கள் வீட்டிலிருந்து துவோ கொண்டுவந்து கொடுத்தார்கள். நம் களியேதான், கேழ்வரகுக்குப் பதில் மக்காச்சோளம். நகரில் 200 கிறிஸ்தவர்களுக்கு மேல் இறந்தார்கள். எங்கள் ஆலையில் ஒருவருக்கும் கீறல் விழவில்லை. ஆனால் ஸ்டோர் கீப்பரின் தம்பி கடை சாம்பலாயிற்று. அவர் பல மாதங்கள் மாலத்தோடு முகங்கொடுத்துப் பேசவில்லை. வதந்தி வந்தால் மட்டும் இருவரும் வாசலுக்குச் சேர்ந்தே போவார்கள், திரும்பி வந்ததும் ஆளுக்கொரு திசையில் போய்விடுவார்கள். அதைப் பார்த்து நான் வருந்தினேன். இன்று நினைத்தால், கோபம் தீராமலே வேலையை விடாத அந்த இருவர்மீதும் மரியாதைதான் மிஞ்சுகிறது. எல்வாவில் இரு தரப்பையும் உட்கார வைத்துப் பேசியவர்களும் கடுனாவின் அந்த இமாமும் பாஸ்டரும்தான்.

2006இல் இங்கிலாந்தின் நார்தாம்ப்டனுக்கு வந்தேன். இதுவும் செருப்பும் தோலும் பிழைக்க வைத்த ஊர். இங்கிருந்தபடியே 2013இல் மத்திய ஆப்பிரிக்கக் குடியரசில் போர் மூண்டபோது, பங்கி நகரின் பேராயர் தியூதொனே இன்சபலங்கா, இமாம் ஓமர் கோபின் லயாமாவுக்கு உயிராபத்து வந்தபோது தம் இல்லத்திலேயே இடம் கொடுத்ததையும், ஒரு புரோட்டஸ்டன்ட் சபைப் போதகரையும் சேர்த்துக்கொண்டு மூவருமாகக் கிராமம் கிராமமாகப் போனதையும் செய்திகளில் படித்தேன். இமாம் 2020இல் காலமானார். மூவரும் ஒரே படத்தில் நிற்பதைப் பார்க்கும்போதெல்லாம், முன்ஷியும் தமிழாசிரியரும் அப்படி ஒரு படம்கூட எடுத்துக்கொள்ளவில்லையே என்று தோன்றும்.

அவர்கள் இருவரும் இன்று இல்லை. யார் வைத்த பை என்பதைக் கடைசிவரை அவர்கள் வெளியே விடவில்லை, நானும் சொல்லவில்லை. பைக்குச் சொந்தக்காரன் இப்போது ஜித்தாவில் இருக்கிறான், நம் சங்கத்தின் உறுப்பினர் பட்டியலிலும் இருக்கிறான். ஒவ்வொரு பெருநாளுக்கும் பேசிக்கொள்கிறோம். அந்தச் சன்னலைப் பற்றி மட்டும் பேசியதில்லை. இந்த மலர் அச்சுக்குப் போக இன்னும் மூன்று வாரம் இருப்பதாகச் செயலாளர் சொல்கிறார். அதற்குள் அவனைக் கூப்பிட்டுவிட வேண்டும்.