அதிகையில் அக்காவுடன்

பண்ருட்டியிலிருந்து திருவதிகை ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர்தான். ஆட்டோவில் அந்தத் தூரம் முழுக்க அக்கா வாய் திறக்கவில்லை. ஆறு வருடமாகக் கோயில் வாசலை மிதிக்காதவள். ரத்தப் புற்றுநோயில் மகன் போனபோது அவனுக்கு எட்டு வயது. போன மாதம் ஒருநாள் அவளாகவே, "அப்பருக்கு வயித்துவலி தீர்ந்த ஊருக்கு என்னைக் கூட்டிட்டுப் போறியாடா?" என்று கேட்டாள். ஏன் என்று நான் கேட்கவில்லை.

அக்கா தமிழாசிரியை. அன்று துக்கம் விசாரிக்க வந்த ஒருவர், "எல்லாம் முன்வினை, என்ன பண்றது" என்று ஆறுதலாகத்தான் சொன்னார். அவர் போனதும் அக்கா புறநானூற்றின் 194ஆம் பாட்டைச் சொன்னாள். ஒரு வீட்டில் சாப்பறை, இன்னொரு வீட்டில் மணமுழவு. ஒருத்தி பூச்சூடுகிறாள், ஒருத்தி கண்ணீர் வடிக்கிறாள். இப்படி ஓர் உலகத்தைப் படைத்தவன் 'பண்பிலாளன்' என்கிறார் பக்குடுக்கை நன்கணியார். "எத்தனை வருஷமா இதைப் பிள்ளைங்களுக்கு நடத்துறேன், இன்னைக்குத்தான் புரியுது" என்றாள். உலகம் இன்னாததுதான், அதன் இயல்பை உணர்ந்தவர்கள் இனியதைக் காணட்டும் என்று அந்தப் பாட்டு முடியும். அந்த முடிவை அவள் சொல்லவில்லை.

கோபுர வாசலின் இருபுறமும் நாட்டியக் கரணச் சிற்பங்கள். அக்கா அவற்றைப் பார்த்துக்கொண்டே நெடுநேரம் நின்றாள். உள்ளே போகத் தயங்குகிறாள் என்று தெரிந்தது. நானும் நின்றேன்.

சிவன் வீரச்செயல் புரிந்ததாகச் சொல்லும் எட்டு ஊர்கள், அட்ட வீரட்டத் தலங்கள். அவற்றில் முப்புரம் எரித்த தலம் இது. விமானமே தேர் போல இருக்கிறது. மூன்று கோட்டைகள் கட்டி உலகை வதைத்த அசுரர்களை ஈசன் அழித்தார் என்பது புராணம். திருமூலர் அதை அப்படியே எடுத்துக்கொள்வதில்லை. 'முப்புரமாவது மும்மல காரியம்' என்கிறார். எரிய வேண்டிய கோட்டை வானத்தில் இல்லை, ஆணவம், கன்மம் என்கிற வினை, மாயை என்று மூன்று மலங்களாக, அழுக்குகளாக, நமக்குள்ளேயே இருக்கிறது. சைவ சித்தாந்தம் தீமையின் கணக்கை இறைவன் பேரில் எழுதாததும் இதனால்தான். பதியாகிய இறைவன், பசுவாகிய உயிர், உயிரைக் கட்டும் பாசம், இந்த மூன்றுக்கும் தொடக்கம் கிடையாது. செம்பில் களிம்பு போல ஆணவம் உயிரோடு என்றும் இருக்கிறது, அவன் உண்டாக்கியதல்ல. அவன் உலகைப் படைப்பதே அந்தக் களிம்பு நீங்கி உயிர் விடுபடுவதற்காக.

எனக்கு இதில் நம்பிக்கை உண்டு. மனிதனுக்கு மனிதன் செய்யும் கொடுமையை இதை வைத்து ஓரளவு புரிந்துகொள்ள முடிகிறது. எட்டு வயதுப் பிள்ளையின் எலும்பு மஜ்ஜைக்குள் நடந்ததை? அதற்கும் சாத்திரத்தில் விடை இருக்கிறது, வினை என்று. அது பொய் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தச் சொல்லைக் கேட்டபோது அக்காவின் முகம் போன போக்கைப் பார்த்தவன் நான். அப்புறம் யாரிடமும் அதைச் சொல்ல எனக்கு மனம் வந்ததில்லை.

கருவறையில் பதினாறு பட்டைகள் கொண்ட பெரிய லிங்கம். கூட்டமில்லை. தீபாராதனை முடிந்ததும் அக்கா தூணோரமாக உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கழித்து, மிக மெதுவாக, 'கூற்றாயினவாறு விலக்ககிலீர்' என்று தொடங்கினாள். சூலை நோயில் துடித்தபடி அப்பர் இந்தச் சன்னிதியில் பாடிய பதிகம். நான்காம் திருமுறையின் முதல் பதிகமும் இதுதான். 'கொடுமைபல செய்தன நான் அறியேன்' என்கிறார் அப்பர். என்ன தவறு செய்தேன் என்று அவருக்கே தெரியவில்லை. இரண்டாம் பாட்டில் இன்னும் துணிந்து பேசுகிறார். நெஞ்சத்தை உமக்கே இடமாக வைத்தேன், நினையாமல் ஒருபோதும் இருந்ததில்லை, 'வஞ்சம் இதுவொப்பது கண்டறியேன்'. அந்த அடி வந்ததும் அக்கா நின்றுவிட்டாள். மேலே போகவில்லை. அதையே திரும்பத் திரும்பப் பாடினாள். ஐந்தாறு முறை இருக்கும். குரல் உடையவில்லை. வழக்காடுகிறவளின் குரலாக இருந்தது.

இப்படிக் கேட்டதற்காக அப்பரை யாரும் கோயிலை விட்டு வெளியே அனுப்பவில்லை. அந்தக் கேள்வியைத்தான் திருமுறையாகக் கட்டி வைத்து இன்றும் ஓதுகிறோம். எனக்கு அங்கே தோன்றியது இதுதான்: நல்லவன் என்று நம்புகிறவனிடம் மட்டும்தான் இப்படிச் சண்டை போட முடியும்.

பிராகாரத்தில் திலகவதியாருக்குத் தனிச் சன்னிதி இருக்கிறது. அப்பரின் அக்கா. அப்பா நோயில் இறந்தார், அம்மா உடன் போனார், மணம் பேசியிருந்த கலிப்பகையார் போரில் மடிந்தார். உயிரை விடத் துணிந்தவர், தம்பி அழுததால் இருந்தார். தம்பியின் வயிற்றுவலிக்குப் பெரியபுராணத்தில் காரணம் வருகிறது. சூலை கொடுத்து ஆட்கொள்வோம் என்று ஈசனே கனவில் வந்து சொல்கிறார். தம்பிக்கு வலி தீர்ந்தது, ஞானமும் வந்தது. அக்காவுக்கு நேர்ந்த மூன்று சாவுகளுக்கும் அப்படி ஒரு விளக்கம் வருவதில்லை. போனவர்கள் திரும்பவும் இல்லை. அவர் விளக்குமாறும் நீர்க்குடமுமாக விடியுமுன் இந்தக் கோயிலுக்கு வந்து கூட்டி மெழுகிக்கொண்டிருந்தார். வலியோடு வந்து விழுந்த தம்பிக்குத் திருநீறு கொடுத்தது அந்தக் கைதான். இந்தக் கதையைச் சிறு வயதிலிருந்து கேட்டிருக்கிறேன், ஒருமுறைகூட அவர் பக்கம் நின்று யோசித்ததில்லை.

"இவங்களுக்கு யாருமே பதில் சொல்லலையேடா" என்றாள் அக்கா.

"ஆமாக்கா."

"ஆனாலும் தினம் வந்திருக்காங்க."

நான் ஒன்றும் சொல்லவில்லை. வெளியே வரும்போது கிண்ணத்திலிருந்த திருநீற்றை ஒரு சிட்டிகை எடுத்து என் நெற்றியில் பூசிவிட்டாள். தனக்குப் பூசிக்கொள்ளவில்லை. இன்னும் கொஞ்சம் எடுத்து, ஒரு தாளில் மடித்து, கைப்பைக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டாள்.