ஆறு வீட்டுக் கிணறு

மட்டக்களப்பின் களுதாவளை, தேத்தாத்தீவுப் பக்கத்தில் பிறந்தவர்களுக்கு மணலைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. கிழக்கே கடலும் மேற்கே வாவியுமாக ஒடுங்கிக் கிடக்கும் இந்த நிலத்தில் சில அடி தோண்டினாலே நல்ல தண்ணீர் ஊறும். மாரி மழை மணலுக்குள் இறங்கி, உவர்நீருக்கு மேல் மெல்லிய படையாகத் தங்கி நிற்கும் தண்ணீர் அது. ஆனால் மணல் எதையும் பிடித்து வைக்காது. பாத்திக்குப் போடும் யூரியாவில் பயிர் எடுத்தது போக மிஞ்சுவது நைத்திரேற்றாக மாறி, அடுத்த மழையோடு கீழே இறங்கிக் கிணற்றைச் சேர்ந்துவிடும். குடிநீரில் ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் அது இருக்கக்கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் வரையறுத்திருப்பது, அத்தகைய தண்ணீரில் மாப்பால் கரைத்துக் கொடுத்தால் கைக்குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்க முடியாமற் போகக்கூடும் என்பதனால்தான்.

ஆகவே, எங்கள் ஒழுங்கையில் ஆறு வீட்டார் சேர்ந்து, கிணற்றோடு வெறுமையாகக் கிடந்த வளவொன்றைத் தோட்டமாக்கியபோது, எழுதி வைத்த விதி ஒன்றே ஒன்றுதான். எதை நடுவது என்பது அவரவர் விருப்பம். எதைப் போடுவது, எதைத் தெளிப்பது என்பது மட்டும் அறுவரையும் கேட்டே நடக்க வேண்டும். குடிப்பதும் அந்தக் கிணற்றில்தானே.

இயற்கை உரமான சேதனப் பசளை என்றாலே முகம் சுளிப்பவர்கள் எங்களுக்குள்ளும் இருந்தார்கள், அதில் நியாயமும் இருந்தது. 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதியை அரசாங்கம் ஒரேயடியாகத் தடைசெய்து, நவம்பரில் திரும்பப் பெற்றதற்கிடையில், வாவிக்கு மேற்கே படுவான்கரையில் நெல் வேளாண்மை செய்தவர்கள் பட்ட பாடு மறக்கக்கூடியதல்ல. ஒரு நல்ல சொல்லை அவசரச் சட்டத்தால் கெடுத்துவிட்டார்கள் என்றே நான் நினைக்கிறேன்.

முதல் வருடம் பயற்றங்கொடி முழுவதும் சாறு உறிஞ்சும் சிறு பூச்சியான கறுப்பு அழுக்கணவன் அப்பிக்கொண்டது. இலையைத் திருப்பிப் பார்த்தபோது, செம்மஞ்சள் புள்ளியிட்ட சாம்பல்நிறப் புழுவொன்று, வாவி முதலையின் குட்டியைச் சுருக்கி வைத்ததுபோல, ஒவ்வொன்றாகப் பிடித்துத் தின்றுகொண்டிருந்தது. பொறிவண்டின் குடம்பி அது. கூட்டுப்புழுவாகும் முன் நூற்றுக்கணக்கில் தின்றுவிடும். பொறுத்திருப்போம் என்றேன். “டீச்சர், பூச்சி வளக்கிறதுக்கா இந்தத் தோட்டம்?” என்று கேட்ட அடுத்த வீட்டுத் தம்பி, விடிந்ததும் யாரிடமும் சொல்லாமல் மருந்தடித்துவிட்டார்.

அழுக்கணவன் செத்தது, குடம்பியும் செத்தது. இரண்டு கிழமையில் அழுக்கணவன் மட்டும் திரும்பி வந்தது. அதைவிடப் பெரிய நட்டம் பூசணியில். பூசணிக்கு ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. காலையில் விரிந்து நண்பகலுக்குள் வாடிவிடும் அந்தப் பூக்களுக்குத் தேனீ வந்தால்தான் காய். அந்த வாரம் தேனீ வரவில்லை, பிஞ்சுகள் மஞ்சளித்து உதிர்ந்தன. இப்போது அந்தத் தம்பிதான் வெள்ளாப்பில் வந்து, ஆண் பூவைப் பிய்த்துப் பெண் பூவில் தடவிவிட்டுப் போகிறார்.

வேலிக் கரையில் முருங்கையும் முசுட்டையும் நிற்கின்றன. வாரத்தில் நான்கு நாள் ஆறு வீட்டிலும் அந்த இலைகளின் வறை உண்டு. நீரிழிவுக்காரரான என் கணவர் சோற்றைக் குறைத்து வறையைக் கூட்டிக்கொண்டிருக்கிறார், முணுமுணுத்தபடியே.

மாரி வெள்ளம் உள்ளே போகாதபடி கிணற்றுக் கட்டை ஒரு முழம் உயர்த்த வேண்டியிருக்கிறது. சீமெந்துக் காசை வீட்டுக்கு வீடு சமமாகப் பிரிப்பதா, ஆள் கணக்கில் பிரிப்பதா என்பதில் இன்னும் இழுபறி.