இலந்தையை விதையாகவே ஊன்றுங்கள்

அருப்புக்கோட்டைப் பக்கம் எங்களுக்கு இரண்டு ஏக்கர் மானாவாரி நிலம். ஐப்பசி, கார்த்திகையில் பெய்வதுதான் மழை. மக்காச்சோளத்தில் இரண்டு வருடம் கைக்காசு போன பிறகு, பழமரம் வைப்போம் என்று இறங்கினேன்.

முதல் தடவை ஒட்டு இலந்தைக் கன்று 40 வாங்கி நட்டேன். குடம் குடமாகத் தண்ணீர் சுமந்தும், சித்திரை முடிவதற்குள் 31 காய்ந்துவிட்டன. பிடுங்கிப் பார்த்தால் ஆணிவேர், கன்று வளர்ந்த பையின் அடியில் முட்டி, முறுக்கு மாதிரிச் சுருண்டு கிடந்தது. மனசு விட்டுப்போச்சு. அதே வெயிலில் வரப்போரத்துக் காட்டு இலந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. பக்கத்துக் காட்டுப் பெரியப்பா அதைக் காட்டி, "விழுந்த இடத்துலயே முளைச்சதுப்பா. வேரு நேரா இறங்கிருச்சு" என்றார்.

அடுத்த ஐப்பசியில் காட்டு இலந்தைக் கொட்டையைக் குழிக்கு மூன்றாக நிலத்திலேயே ஊன்றினேன். கொட்டையின் ஓட்டைப் பதமாகத் தட்டி, உள்பருப்பை எடுத்து ஊன்றினால் ஒரு வாரத்தில் முளைக்கும். முழுக்கொட்டை என்றால் மூன்று, நான்கு வாரம் ஆகும். குழிக்கு ஒரு செடியை மட்டும் விட்டேன். தண்டு பென்சில் பருமன் ஆனதும், மழை ஈரத்தில் பட்டை சுலபமாகப் பிரியும் சமயம் பார்த்து மொட்டுக் கட்டினோம். அதாவது, நல்ல ரக இலந்தையின் மொட்டை எடுத்து இந்தச் செடியின் பட்டைக்குள் செருகிக் கட்டினோம். பாதி கோலா ரகம், பாதி உம்ரான் ரகம். கோலா முந்தும், உம்ரான் பிந்தும். பழம் ஒரேயடியாக வந்து குவியாது. அப்புறம், ஒட்டுக்குக் கீழே கிளம்பும் துளிரை விடாமல் கிள்ளவேண்டும். விட்டால் காட்டுச்செடி மேலே வந்துவிடும்.

கோடையில் மரம் இலையைக் கொட்டிவிடும். செத்துப்போச்சு என்று தோண்டிவிடாதீர்கள். வெயிலைத் தாங்க அது செய்கிற வேலை அது. கவாத்துக்கும் அதுதான் நேரம். புதுக்கிளையில்தான் காய் பிடிக்கும் என்பதால் தயங்காமல் வெட்டலாம்.

பழ ஈதான் பெரிய தொல்லை. விழுந்த பழத்தை அன்றன்றே பொறுக்கி ஆழப் புதைக்கிறேன். மண்ணுக்குள் இருக்கும் கூட்டுப்புழு வெயிலில் சாக, கோடையில் மரத்தடியைக் கொத்தியும் விடுகிறேன்.

இரண்டு செடிக்கு மட்டும் மொட்டுக் கட்டவில்லை. உப்பு, வெல்லம், மிளகாய் வற்றல், பெருங்காயம் சேர்த்து இடித்து அம்மா போடும் இலந்தை வடைக்கு அந்தக் காட்டுப்பழத்தின் புளிப்புத்தான் வேண்டும்.