மகள் தானே நிரப்பிய மனநிலைப் படிவம்

10 வயது மகள் கொஞ்ச நாளாகவே எதற்கெடுத்தாலும் எரிந்து விழுந்தாள். குழந்தைகளுக்கான மனநல ஆலோசகரிடம் கூட்டிப்போனேன். முதல் சந்திப்பிலேயே ஒரு பக்கப் படிவத்தை அவள் கையில் கொடுத்தார். பிள்ளைகளின் மனச்சோர்வு அறிகுறிகளைக் கேட்கும் எம்எஃப்க்யூ (Mood and Feelings Questionnaire) என்ற கேள்விப் படிவத்தின் சுருக்க வடிவம். 13 வாக்கியங்கள். கடந்த 2 வாரத்தில் ஒவ்வொன்றும் தனக்கு எவ்வளவு பொருந்தியது என்று பிள்ளையே குறிக்க வேண்டும். உண்மை என்றால் 2, சில நேரம் என்றால் 1, இல்லை என்றால் 0. அதிகபட்சம் 26.

என்னிடமும் பெற்றோர் படிவத்தைக் கொடுத்து வெளியே உட்காரச் சொன்னார். அம்மா முகத்தைப் பார்த்தே பதில் போடும் பிள்ளைகள் உண்டாம். அதற்கு முன் அவளிடம், "இது டெஸ்ட் இல்லம்மா. உன்னைக் கேட்டுட்டுதான் அம்மாகிட்ட காட்டுவேன். உனக்கு ஏதாவது ஆபத்துன்னா மட்டும் கேட்காம சொல்லிடுவேன்" என்றார். ஒளிவுமறைவில்லாத அந்தப் பேச்சு எனக்கு ரொம்பப் பிடித்தது. '2 வாரம்' அவளுக்குப் பிடிபடவில்லை. "பரீட்சை முடிஞ்ச நாள்ல இருந்து" என்று மாற்றிச் சொன்னதும் விறுவிறுவென்று குறித்தாளாம்.

அவள் சம்மதத்தோடு இரண்டு படிவங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். நிலைகொள்ளாமை, அழுகை இரண்டுக்கும் நான் 2 போட்டிருந்தேன். அவளோ தனிமைக்கும், மற்ற பிள்ளைகள் அளவுக்குத் தன்னால் வரமுடியாது என்பதற்கும் 2 போட்டிருந்தாள். வீட்டில் ஒரு நாள்கூட வாயைத் திறந்து சொன்னதில்லை. கோபம் வெளியே தெரியும், உள்ளே இருப்பதைப் பிள்ளைதான் சொல்லணும், அதனால்தான் இரண்டு படிவம் என்றார் ஆலோசகர்.

மொத்த மதிப்பெண்ணை வைத்து மனச்சோர்வு என்று முத்திரை குத்திவிட முடியாது. மேற்கொண்டு பார்க்க வேண்டுமா என்பதற்கான முதல் சல்லடை அது, அவ்வளவுதான். '2' விழுந்த வரிகளை எடுத்துவைத்து "எப்போ அப்படி இருந்துச்சு?" என்று கேட்டபோதுதான் நெருங்கிய தோழி வேறு வகுப்புக்கு மாறிய விஷயமே வெளியே வந்தது. சாவைப் பற்றிய எண்ணத்தை இந்தச் சுருக்க வடிவம் கேட்பதில்லை. 33 வாக்கியங்கள் கொண்ட முழு வடிவத்தில்தான் அது வரும். ஆலோசகர் அதை அவளிடம் நேராகவே கேட்டுவிட்டார். அப்படி எதுவும் இல்லை என்றாள். உங்கள் பிள்ளைக்கும் சுருக்க வடிவம்தான் தந்தார்கள் என்றால், இதைத் தனியாகக் கேட்டார்களா என்று விசாரியுங்கள்.

சில வாரம் கழித்து மறுபடி நிரப்பியபோது மதிப்பெண் கொஞ்சம் குறைந்திருந்தது. எனக்கு உயிர் வந்தது. ஆனால் சிகிச்சையே இல்லாவிட்டாலும் இரண்டாம் முறை குறைவது சகஜம் என்று சொல்லி, சந்திப்புகளைத் தொடரச் சொன்னார். தொடர்கிறோம்.